கதவுக்குப் பின்னால் போர்டுகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஓர் அக்கா பள்ளி நடத்துகிறார். சின்னத் தொண்டு நிறுவனங்கள் சொந்தக் காலில் நிற்கக் கைகொடுப்பது என் வேலை, அப்படித்தான் அவர் எனக்குப் பழக்கம். உதவிய கம்பெனிகள் தங்கள் பெயர் எழுதிய தகரப் போர்டு ஆளுக்கொன்று கொடுத்திருந்தன. எந்தக் கம்பெனி ஆள் வருகிறாரோ, அந்தப் போர்டு வாசலில் தொங்கும். மற்றவை கதவுக்குப் பின்னால் போய்விடும். பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று கும்பிட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனிகளிடமிருந்து பை வந்தது, சுவர்க் கடிகாரங்கள் வந்தன. ஆனால் சைகை மொழி தெரிந்த ஒரே டீச்சர் கல்யாணமாகிப் பள்ளிப்பட்டுக்குப் போகவிருந்தார். அவர் போனால் பள்ளியை மூட வேண்டியதுதான்.

கடம்பத்தூரில் இதேபோலப் பள்ளி நடத்தும் அம்மா ஒருவர் பயிற்சி கொடுப்பதில் கெட்டிக்காரர். பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேரை அவரிடம் அனுப்பிப் பழக்கலாம் என்றேன். அக்கா முகம் கொடுக்கவில்லை.

"நம்மகிட்ட இருந்த கம்பெனிய இஸ்துகினு போனவங்க. அங்க போயி நான் கை கட்டினு நிக்கணுமா?"

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று காத்திருக்க நேரமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் அந்த அம்மாவையே காரில் அழைத்துப் போனேன். காரைப் பார்த்ததும் ஏதோ கம்பெனி ஆபீசர் என்று நினைத்த அக்கா, அவசரத்தில் கைக்குக் கிடைத்த போர்டை மாட்டினார், அதுவும் தலைகீழாக. மற்றவை கதவுக்குப் பின்னாலிருந்து தடதடவென்று சரிந்தன. வந்தவர் யாரென்று தெரிந்ததும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

அந்த அம்மா குனிந்து போர்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

"எங்களாண்டயும் இதே பேஜாருதான்க்கா. நான் பீரோ பின்னாடி வெச்சிக்கினு இருக்கேன்."

அக்கா சிரித்துவிட்டார். நான் தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் வீண். டீ ஆறுவதற்குள், தாய்மாரை எப்போது அனுப்பட்டும் என்று அக்காவே கேட்டார்.

தாய்மார் இருவரும் தொழிற்பேட்டை வேலையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு ரயில் மாறிப் போய்க் கற்றார்கள். கூடவே அக்காவும் போனார். வீம்பு பிடித்த இடத்திலேயே மாணவியாக உட்கார எனக்கு மனம் வந்திருக்காது. அவரை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது. பதிலுக்குக் கடம்பத்தூரில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு வேலை கேட்டு, இங்குள்ள கம்பெனிகளின் படியேறினார்.

டீச்சர் போன பிறகு ஒருநாள் போயிருந்தேன். தாய்மாரில் ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஓர் ஆபீசர் வாசலில் வந்து நின்றார்.

"எங்க போர்டு எங்கம்மா?"

"பின்பக்கம் கறுப்பு பெயின்ட் அடிச்சி பசங்ககிட்ட குட்த்துட்டேன் சார். அதுலதான் எழுதிக்கினு இருக்குதுங்க," என்ற அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டார். "கிளாஸ் முடியட்டும். கொஞ்ச நேரம் ஒக்காருங்க."

ஆபீசர் உட்கார்ந்தார்.