குதிகாலுக்கு ஒரு கியர்

என் வீட்டு ஆண்களுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

போன மழைக்காலத்தில் ரயில் நிலையப் படியில் வழுக்கி விழுந்து என் இடது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் பாதத்தைக் கீழே அழுத்த முடிந்ததே தவிர மேலே தூக்க முடியவில்லை. என் வண்டியிலோ முதல் கியருக்குத்தான் லிவரை மிதிக்க வேண்டும். மற்ற நான்குக்கும் கால்விரலை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். என் சம்பளத்தில் வாங்கிய வண்டி வாசலில் சும்மா நின்றது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு வால்வுகளின் அளவு பார்க்கும் வேலை, அதுவும் ஒப்பந்த வேலை. கணவர் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். "தோ, கெளம்பிட்டேன்" என்பார். எட்டிப் பார்த்தால் இடுப்பில் துண்டோடு பல் விளக்கிக்கொண்டிருப்பார். இரண்டு முறை நாங்கள் போவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டில் வந்து சொன்னேன். கணவர் மிகவும் வருத்தப்பட்டார், அந்த சூப்பர்வைசருக்குக் கொஞ்சமும் பொறுமை இல்லையே என்று.

இனி நானே ஓட்டினால்தான் வேலை நிலைக்கும் என்று புரிந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் லிவருக்குப் பின்பக்கமாக ஒரு கை. அதைக் குதிகாலால் அழுத்தினால் கியர் கூடும், பாதத்தைத் தூக்கவே வேண்டாம். இதைச் சொன்னதும் கொழுந்தன் குதித்தெழுந்தான். மணவாள நகரில் அவனுடைய நண்பன் ஒருவன் மெக்கானிக்காம்.

"நீ சும்மா இரு அண்ணி, நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. லிவரையும் எஞ்சினையும் இணைக்கிற கம்பி சிவப்பாகப் பளபளத்தது. பின்பக்கம் கை எதுவும் இல்லை. கம்பி போய்ச் சேரும் துண்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

"இன்னாடா இது?"

"அண்ணன் வண்டி மாதிரியே கியரெல்லாம் முன்னாடி மிதிக்கற மாதிரி மாத்திட்டேன் அண்ணி. இனிமே நம்ம ஊட்ல யாரு வேணா எந்த வண்டிய வேணா எடுத்துக்கினு போலாம்."

"முதல் கியரு?"

"அது மட்டும் மேல தூக்கணும்."

மேலே தூக்கத்தானே என்னால் முடியாது! முதல் கியரே விழாத வண்டியை எனக்காகத் தயார் செய்து கொண்டுவந்திருந்தான் மகாராசன். கணவர் ஒரு சுற்று போய் வந்து, சூப்பராக இருக்கிறது என்றார். இருக்காதா பின்னே? இரண்டு பேருக்கும் நான்கு கணுக்காலும் நன்றாகத்தானே இருக்கின்றன. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. அதைக் காட்டி அவர்களை ஆறுதல் சொல்ல வைக்க விருப்பமில்லாமல் உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுத்து நானே உட்கார்ந்தேன். திருப்பிய துண்டைப் பழையபடி மாட்டினேன். லிவரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கவரைப்பேட்டையில் ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். ஆம்பளைங்க யாரும் வரவில்லையா என்று கேட்டார் கடைக்காரர். வந்ததனால்தான் இந்தக் கதி என்றேன். என் செருப்பை வைத்து அளந்து, குதிகால் படுகிற இடத்தில் ஒரு கையைப் பற்றவைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன்.

"அய்யே, இது தாத்தாங்க வண்டி மாதிரி கீதே" என்றான் கொழுந்தன்.

திங்கட்கிழமை காலை கணவர் அதிசயமாக முன்னதாகவே சட்டை போட்டுக்கொண்டு நின்றார். சாவிக்குக் கை நீட்டினார்.

"பழக்கமாவற வரிக்கும் நான் ஓட்டறேன். நீ பின்னால குந்து."

கொடுத்தேன். முன்னால் மிதித்து முதல் கியர் போட்டார். இரண்டாவதுக்கும் தன் வண்டி ஞாபகத்தில் முன்னாலேயே மிதித்தார். மறுபடி மிதித்தார். வண்டி முதல் கியரிலேயே அலறிக்கொண்டு ஹைவே வரை போனது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா வண்டி இது, ஒரே பேஜாரா கீது?" என்று ஓரம் கட்டினார்.

"எறங்கு."

பின்னால் ஏறிக்கொண்டார். நான் குதிகாலால் அழுத்தினேன், இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. கணுக்கால் வலித்தது, ஆனாலும் சிரிப்பு வந்தது. வழியெல்லாம் அவர் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கேட் திறந்துதான் இருந்தது. வண்டியை உள்ளே நிறுத்திவிட்டு வந்தேன். அவர் கேட்டுக்கு வெளியே கையை நீட்டியபடி நின்றார்.

"சாவியக் குடு. நான் வண்டிய எடுத்துக்கினு போயிட்டு சாயங்காலம் வரேன்."

சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"பஸ்ஸு வரும். போய்யா."