சரசக்காவின் இடது கண்

சரசக்காவோடு நெடுநாள் பழகியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. அதற்குத் துணிவு வரும்வரை அவருடைய இடது கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பரமத்தி வேலூரில் எங்கள் கண் மையத்தில் ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள். "சரசு போயிட்டா சாமி. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தா, அவ்வளவுதான்." பெரியவர் மூன்றாவது வரியில் நின்றுகொண்டு, "அடுத்தத படிக்கட்டுங்களா?" என்றார். படிக்கச் சொன்னேன். ஒன்றும் காதில் விழவில்லை. மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் படித்தார்.

சரசக்கா எங்கள் தெருக்காரர். இளவயதில் கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போன இடத்தில் தோகையின் ஓரம் அறுத்து, இடது கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

படிப்பு முடித்து, சேலத்துக்கு முதல் நேர்காணலுக்குக் கிளம்பிய காலையில் அவர் எதிரே வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாசற்படி இறங்கிய என் கையை அம்மா பிடித்து நிறுத்தினாள். சகுனம் பார்த்தாள். சரசக்கா அதைப் பார்த்துவிட்டார். செருப்பு வார் அறுந்துவிட்டதுபோலக் குனிந்தார், பிறகு வந்த வழியே திரும்பிப் போனார். செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதம், தான் வேலை பார்க்கும் கண் மையத்தில் ஆள் எடுப்பதாக வீட்டுக்கு வந்து சொன்னவர் அவர்தான். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். நான் உள்ளேயே இருந்தேன்.

கண்ணாடிக்கு அளவு பார்ப்பது என் வேலை. ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சிகிச்சைக்கு அழைத்து வருவது அவர் வேலை. வாரம் ஒரு நாள் வேனில் நானும் கூடப் போவேன். ஒருமுறை கரும்புக் காட்டில் முருகேசன் என்றொரு ஆள் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் தோகை பட்டிருக்கிறது. கண் சிவந்து நீர் வடிந்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு அவர் மனைவி.

"பால் உட்டாச்சுங்க. நாளைக்கிச் சரியாயிரும்" என்றார் முருகேசன்.

"எங்க காலத்துலயும் தாய்ப்பால்தான். எல்லாருக்கும் சரியாச்சு" என்றார் கூட வேலை செய்த ஒரு அம்மா.

"சரியானவங்க ஊட்டுல இருக்கறாங்க. ஆகாதவ நான் வந்திருக்கறனுங்க" என்றார் சரசக்கா. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணை விரித்துக் காட்டினார். "கிட்டக்க வந்து பாருங்க. டிக்கெட்டெல்லாம் இல்ல."

எல்லாரும் வந்து பார்த்தார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஏம்மிணி, நீ படிச்ச புள்ள. பாலு உடறது தப்பா?" என்றார். தப்பு என்று எனக்குத் தெரியும். இலைதழை கீறிய கண்ணில் பூஞ்சை பற்றிக்கொள்ளும், பால் அதைக் கொல்லாது, கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சிவப்பை அடக்கிவிட்டுப் புண்ணை வளர்க்கக்கூடும், தேய்க்காமல் கட்டுப் போடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாம் நாக்கு வரை வந்தது. கைக்குழந்தையோடு நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

சரசக்கா சொன்னார்: "பாலு குடுத்த மனசு நல்ல மனசுதானுங்க. கண்ணுக்கு அது மருந்தில்ல. ஏறுங்க வேன்ல."

முருகேசனுக்குப் பார்வை போகாமல் தப்பியது.

திரும்பும்போது, "உங்களுக்கு யாருக்கா பால் விட்டது?" என்று கேட்டேன்.

"உங்கம்மா சொல்லலையா? நீ அப்பக் கைக்கொழந்த. பசியில நீ கத்தக் கத்த உன்ற பங்கத்தான் எனக்கு உட்டாங்க. மூணு நாளு. அப்பறம் கடையில சொட்டு மருந்து வாங்கி ஊத்துனேன், செவப்புப் போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள கண்ணும் போயிருச்சு." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடற? நீ வாயில குடிச்ச, நான் கண்ணுல குடிச்சேன். அக்கா தங்கச்சிதான அம்மிணி."

என்னால் சிரிக்க முடியவில்லை. பால் கொடுத்த அதே கைதான் அன்று வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தியது. அம்மாவிடம் இதை நான் பேசியதேயில்லை.

சாவுக்கு வந்தபோது பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். படத்தில் சரசக்காவுக்கு இரண்டு கண்ணும் கருகருவென்று இருந்தன. ஸ்டுடியோவில் வலது கண்ணை எடுத்து இடது பக்கம் வைத்திருக்கிறார்கள். யார் செய்யச் சொன்னது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நாந்தான் சாமி. படத்துலயாவது அவ முழுசா இருக்கட்டும்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவைச் சொல்லி என்ன? அந்தப் படத்தைப் பார்த்தவுடன் அழகாக இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. கூட வேலை பார்த்த எனக்கே அப்படித் தோன்றியதுதான் வெட்கமாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது "கிட்டக்க வந்து பாருங்க" என்ற அந்த ஒரு வாக்கியம். போன வாரம் ஒரு கரும்புக் காட்டில் அதைச் சொல்லிப் பார்த்தேன். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே அவருடைய தம்பிக்கும் தெருக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். காரியத்தன்று மாட்டும் படத்தில் அவருடைய கண்ணை மாற்ற வேண்டாம். பூ விழுந்த கண் தெரியும்படி, கரும்புக் காட்டில் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அதன் ஒரு பிரதியை எங்கள் வேனிலும் ஒட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள். ஸ்டுடியோவுக்கு நானே கொண்டுபோகிறேன். அம்மா, நீயும் கூட வா.