வால்வைத் திறந்தது யார்

வேணு பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆள். காலையில் மோட்டார் போட்டு, ஏழு மணிக்குத் தெருத்தெருவாக வால்வு திறந்து, ஒன்பதுக்கு மூடிவிட்டால் சாயந்தரம் வரை அவனைக் கேட்க ஆள் கிடையாது. அந்த நேரமெல்லாம் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து, செல்போனை எதிரே நிறுத்தி, செத்துப்போன ஒரு வெள்ளைக்காரன் சாகவே இல்லை என்று பேசிக்கொண்டிருப்பான். மூன்று வருடம் பேசினான்.

அந்த வெள்ளைக்காரன் டப்பிங் படத்தில் வருகிற கமாண்டர். கடைசியில் விண்கப்பல் வெடிக்கப் போகிறது. கூட இருந்தவர்களைச் சின்ன ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவன் மட்டும் கப்பலோடு இருட்டுக்குள் போய்விடுகிறான். படம் முடிந்தது. திருத்தணியில் பார்த்தவர்கள் எல்லாம் அழுதுவிட்டு பஸ் ஏறினார்கள். வேணு பதினொரு தடவை பார்த்தான்.

"உடைஞ்ச கப்பலை ஒரே ஒரு செகண்டு காட்றான்," என்பான். "உள்ள தண்ணி பைப்பு போவுது. முன்னாடி காட்டும்போது வால்வு கைப்பிடி பைப்புக்குக் குறுக்க இருந்துச்சு. அப்டின்னா மூடியிருக்குது. கடைசில நேரா இருக்குது. அப்டின்னா திறந்திருக்குது. வெடிச்சா கைப்பிடி உடையும், தானா திரும்பாது. யாரு திறந்தது? உள்ள இருந்தது ஒரே ஆளு."

தினமும் இருபது வால்வு திருப்புகிறவன் கண்ணுக்குத்தான் அது படும். எனக்குப் படவில்லை. இருநூறு வீடியோ போட்டிருந்தான். ஆயிரத்து அறுநூறு பேர் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அவனை அண்ணா என்று கூப்பிடாத பையன்கள்கூட அதில் "அண்ணா, அண்ணா" என்று எழுதினார்கள். நாற்பது வயதில் அவனுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அவன் அக்கா பிரபாவதியின் வீட்டுக்காரன் சுப்பிரமணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அம்மையார்குப்பத்தில் நாலு பவர்லூம் ஓட்டுகிறவன். அவனும் அந்தப் படத்துப் பைத்தியம். கமாண்டர் செத்தான், இரண்டாம் பாகம் அவன் மகள் கதை என்பது அவன் கட்சி. மச்சான் போட்ட ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே போய், "செத்தவனுக்குத் தண்ணி ஊத்தறியா?" என்று எழுதுவான்.

இரண்டாம் பாகம் வரும் தேதி தெரிந்ததும் வேணு தொட்டி மேல் நின்று, தூரத்தில் திருத்தணி முருகன் மலையைக் கையால் காட்டி ஒரு வீடியோ போட்டான். "கமாண்டர் செத்திருந்தா இருநூறு வீடியோவையும் அழிச்சிட்டு, மலையில மொட்டை போட்டு, மீசையும் எடுத்துட்டுத்தான் தியேட்டர் படி மிதிப்பேன்."

அந்த வார்த்தையை அவன் விட்டிருக்கக் கூடாது.

படம் வந்த அன்று திருத்தணியில் பதினோரு மணிக்குத்தான் முதல் ஆட்டம். ஆந்திர எல்லை தாண்டி நகரியில் காலை ஆறு மணிக்கே தெலுங்கில் போட்டுவிட்டான். என் ஷேர் ஆட்டோவில் சுப்பிரமணி, லுங்கிக் கடை அருண்பாண்டியன், நான், மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். இடைவேளைக்கு முன்னால் இருட்டில் ஒரு கை வந்து வால்வைப் பிடித்தது. கமாண்டர். வேணு சொன்ன அதே பைப்பு, அதே கைப்பிடி.

திரும்பும்போது எல்லை தாண்டியதும் சுப்பிரமணி சொன்னான்: "அவன் ஜெயிச்சுட்டான்னு தெரிஞ்சா பொங்கல் வரைக்கும் நம்மள நிம்மதியா சோறு துன்ன விடமாட்டான். நான் சொல்றதுக்கு நீங்க தலையாட்டுங்க, போதும்."

ஒன்பது மணிக்கு வேணு வால்வு மூடிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"பாவா, இன்னா ஆச்சு?" என்று அக்கா வீட்டுக்காரனைக் கேட்டான்.

"செத்துட்டான் மச்சான். முதல் பத்து நிமிஷத்துல பொணத்த காட்டிட்டான்."

"வால்வு?"

"அதெல்லாம் காட்டவே இல்ல."

வேணு அருண்பாண்டியனைப் பார்த்தான். அவன் தலையாட்டினான். என்னைப் பார்த்தான். நான் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆங் என்றேன்.

"மலையைப் பார்த்துச் சொல்லு பாவா."

எங்கள் பக்கம் மலையைப் பார்த்து யாரும் பொய் சொல்வதில்லை. கோர்ட்டில் சொல்வான், பெண்டாட்டியிடம் சொல்வான், மலையைப் பார்த்துச் சொல்லமாட்டான். சுப்பிரமணி திரும்பி நின்று கை கூப்பினான். "முருகன் மேல ஆணையா செத்துட்டான்."

அதற்கு மேல் வேணு கேட்கவில்லை. தொட்டி மேல் ஏறினான். இருநூறையும் அழித்தான். போனில் இடமில்லாததால் அவன் வேறு எங்கும் எடுத்து வைத்ததில்லை. கடைசியாக ஒன்று போட்டான்: வால்வு திறந்திருக்குது, கமாண்டர் உயிரோட இருக்கான்னு நான் சொன்னது தப்பு, நம்பினவங்க மன்னிச்சிடுங்க. அப்புறம் என் ஆட்டோவிலேயே மலையடிவாரத்தில் வந்து இறங்கி, மொட்டை போடப் படி ஏறிப் போனான்.

பதினோரு மணிக்கு மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் தியேட்டருக்குள் வந்தான். மீசை இல்லாத முகம் உரித்த கிழங்கு மாதிரி இருந்தது. நாங்கள் பின் வரிசையில் இருந்தோம். விஷயம் தெரிந்த இருபது பேரைச் சுப்பிரமணி கூட்டி வந்து உட்கார வைத்திருந்தான்.

பத்து நிமிஷம் போயிற்று. பிணம் வரவில்லை. வேணு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

இடைவேளைக்கு முன்னால் அந்தக் கை வந்தது. தியேட்டரே கத்தியது. எங்கள் வரிசையில் திரையைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. அருண்பாண்டியன் செல்போன் லைட்டை மொட்டை மேல் அடித்தான். வேணு எழுந்து நின்றுவிட்டான். சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று அவனுக்கு. "பாவா, வால்வு. பாத்தியா, நான் சொன்னேன் இல்ல."

"எங்க சொன்ன? காட்டு."

அப்போதுதான் வேணுவின் கை தலைக்குப் போனது. இருபது பேரும் சிரித்தோம்.

"மலையைப் பார்த்துச் சொன்னியே பாவா."

"முருகன் இங்கிலீஷ் படம் பார்க்கமாட்டார் மச்சான். உக்காரு, மறைக்குது."

சாயந்தரம் வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி கோவிந்தம்மாள் அவனைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள். "நைனா உயிரோட உக்காந்துகினு இருக்காரு. மீசையை எடுத்துகினு வந்து நிக்கிறியே, யாருக்குக் கருமாதி பண்ண?" அவன் அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதுரைக்காரன் ஒருத்தன் அந்த வால்வை வட்டம் போட்டுக் காட்டி வீடியோ போட்டான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். நான் இதை அப்பவே சொன்னேன் என்று வேணு அதன் கீழே எழுதினான். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அவனிடம் மிச்சம் இருந்தது மன்னிப்புக் கேட்ட வீடியோ ஒன்றுதான். அதை அனுப்பினான். நாற்பதாயிரம் பேர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

ஒரு வாரம் கழித்து, காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தினேன். "அதையும் அழிச்சுடேன்டா," என்றேன்.

"அதை அழிச்சா நான் சொன்னதுக்கு வேற சாட்சி ஏதுண்ணா? அதுலதான் வால்வு பேச்சு வருது. இங்க படம் போடறதுக்கு முன்னாடி போட்டதுன்னு டைமும் இருக்குது."

பின் சீட்டிலிருந்து சுப்பிரமணி தலையை நீட்டினான். "ஆங், இருக்குது. தப்புன்னு நீயே சொன்னதும் அதுலதான் இருக்குது. மணி ஏழு ஆச்சு, போய்த் தண்ணி விடு மச்சான்."

வேணு போய்த் திறந்தான்.