நான் கண்டுபிடித்த கழித்தல் குறி

கம்பத்துக்கு மேற்கே வெறும் பாறையாகக் கிடந்த மூன்று ஏக்கரில் திராட்சைப் பந்தல் போட்டவன் நான். கல்லுக்கால் நட்டதும் கம்பி இழுத்ததும் இந்தக் கைதான். தண்ணீரே வராது என்று ஊரே சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் கண்டேன். தேனியில் மாடி வீடு கட்டினேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மகளை இயற்பியல் ஆராய்ச்சிவரை படிக்க வைத்தேன். எவனும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை.

அவள் ஆராய்ந்தது மேசான் என்ற துகளின் உட்புறத்தை. அணுவைவிட எவ்வளவோ சிறியது. அதற்குள் ஒரு குவார்க், அதற்கு ஓர் எதிர்க்குவார்க். நோய் முற்றி அவள் வீட்டோடு வந்துவிட்ட பிறகு ஒருநாள் கேட்டேன்.

“ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுப் பாத்தா என்னாத்தா?”

“முடியாதுப்பா. பிரிக்கணும்னு இழுத்தா, நடுவுல அறுந்த எடத்துல புதுசா ரெண்டு முளைச்சுரும். மறுபடி ஜோடி ஜோடியாத்தான் நிக்கும். ஒத்தையில நிக்கவே நிக்காது.”

“கம்பி அறுந்தா கல்லுக்கால் முளைக்குங்கிற. நமக்கு அப்பிடி முளைச்சிருந்தா இந்நேரம் ஜில்லா பூராம் என் பந்தல்தான்.”

சிரித்தாள். சிரித்ததும் மூச்சு வாங்கியது.

அவள் கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. கூட வேலை பார்த்தவர்களுக்கு அனுப்புவதற்காக, அவளுடைய கணக்கை நான்தான் புது நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுதினேன் என்பதைவிட, படம்போல வரைந்தேன். ஒரு காலையில் எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது.

“ஏத்தா, முந்தின பக்கத்துல இந்த வரிக்கு முன்னால சின்னக் கோடு ஒண்ணு இருக்கு. இங்கன காணோமே?”

நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“யப்பா, கணக்கு ஒதைக்குதுன்னு மூணு மாசமா நாலு பேரு மண்டைய ஒடைக்கிறோம். நீ எப்பிடிப் பிடிச்ச?”

“பந்தல் வரிசையில ஒரு கல்லுக்கால் கொறைஞ்சா எனக்குத் தெரியாதா?”

“கட்டுரையில ஒன் பேரப் போடுறேன்ப்பா. சத்தியமா.”

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள்தான் இருந்தாள்.

கட்டுரை என் போனுக்கு வந்தது. அவள் பெயர் இருந்தது. இறந்துவிட்டாள் என்று காட்ட, பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி. கடைசியில் நன்றி சொல்லியிருந்தார்கள்: கம்ப்யூட்டருக்கு, பணம் கொடுத்தவர்களுக்கு, பேசிப் பார்த்தவர்களுக்கு. தெரிந்த வாத்தியாரை மூன்று முறை படிக்கச் சொன்னேன். நான் இல்லை.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டால், “அச்சாயிருச்சுங்கய்யா, அவங்க எங்ககிட்ட சொல்லலையே” என்கிறார்கள். சொல்ல அவளுக்கு நாள் இல்லை.

பெருமைக்குக் கேட்கிறான் என்பார்கள். பெருமைக்கும்தான். ஆனால் என் மகள் கொடுத்த வாக்கு பொய்யாகக் கூடாது. திருத்தம் என்று பிறகு ஒரு வரி சேர்க்க வழி உண்டாம், விசாரித்துவிட்டேன். அந்த வரியைச் சேருங்கள்: விட்டுப்போன கழித்தல் குறியைக் கண்டுபிடித்தவர், சிலுவைக் குறி போட்டிருக்கும் இவரைப் பெற்ற அப்பா.