இருபத்தொன்றாம் வரியில் சங்கீதா அக்கா

சென்ற வாரம் ஒரு காலையில், பள்ளிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார். "வெள்ளிமலை பொண்ணு போயிடுச்சும்மா" என்றார். மஞ்சள் காமாலையால் சங்கீதா அக்கா பத்து நாளாக மருத்துவமனையில் இருந்தது எனக்குத் தெரியும். அங்கிருந்து எனக்குக் கடைசியாக அனுப்பிய செய்தியில்கூட, "படிப்ஸ், அந்தப் பிழைய பாத்தியா?" என்றுதான் கேட்டிருந்தார். படிப்ஸ் என்பது அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர். பார்த்துவிட்டேன் என்று பதில் போட்டேன். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று வந்தது.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் அருகே கணினி பழுது பார்க்கும் கடையில் அக்கா வேலை செய்தது உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பழைய கணினியும் அவர் கை பட்டதாக இருக்கலாம். அதே மேசையில் உட்கார்ந்துதான், கணினிக்குக் கட்டளைகள் எழுத 'தினை' என்ற நிரல்மொழியை அவர் உருவாக்கினார். சொல், கேள், எனில் என்று தமிழிலேயே எழுதலாம். எனக்கும் கற்றுக்கொடுத்தார். அதை அவருடைய மொழிமாற்றி முதலில் 'சி' (C) என்ற பழைய நிரல்மொழிக்கு மாற்றும். பிறகு சி அதை இயந்திரத்துக்குப் புரியவைக்கும்.

"எதுக்குக்கா நடுவுல சி? நேரா மெஷினுக்கே மாத்தினா இன்னா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒவ்வொரு வூட்லயும் ஒவ்வொரு மாதிரி மெஷின் கெடக்குது. எல்லாத்துக்கும் தனித்தனியா எழுதிக்கினு இருந்தா நான் கெழவி ஆயிடுவேன்டி. சி எல்லா மெஷினோடவும் பேசும். ஓசியில அது முதுகுல ஏறிக்கலாம்."

அந்த ஓசிச் சவாரியின் விலை எனக்குத்தான் முதலில் தெரிந்தது. மலைமேல் இருக்கும் வெள்ளிமலைப் பள்ளிக்காக நான் தினையில் ஒரு வாய்ப்பாட்டு விளையாட்டு எழுதினேன். மொத்தம் முப்பது வரி. ஓட்டினால், இருநூற்றுப் பதினான்காம் வரியில் 'v7' என்பது அறிவிக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் வந்தது. நான் v7 என்று எதையும் எழுதவே இல்லை. மொழிமாற்றி எழுதிவைத்திருந்த சி கோப்பைத் திறந்து தேடி, v7-ஐ அறிவிக்கும் ஒரு வரியை அங்கேயே சேர்த்தேன். விளையாட்டு ஓடியது. சி கற்றுக்கொண்டுவிட்டேன் என்ற பெருமையில் அக்காவிடம் சொல்லவில்லை.

அந்தப் பள்ளியில் ஆறு பழைய கணினிகள் பூட்டிக் கிடந்தன. அவை ஓடினால் அறை பிள்ளைகளுக்கு, ஓடாவிட்டால் பாடப்புத்தகக் கட்டுகளுக்கு என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அது அக்கா படித்த பள்ளி. அவர் படித்தபோது அங்கே கணினியே இல்லை.

எங்கள் கணினியில் உருவானது அந்தப் பழைய கணினிகளில் ஓடாது. அதனால் நாங்கள் இருவரும் அந்தப் பள்ளிக்குப் போன அன்று, அக்கா என் தினைக் கோப்பை எடுத்து அங்கே புதிதாக மாற்றினார். மொழிமாற்றி புதிய சி கோப்பை எழுதியது. அதில் நான் சேர்த்த வரி இல்லை. பழைய பிழையே திரும்ப வந்தது.

"இன்னாம்மா ஆச்சு? மழ வர்ற மாதிரி இருக்குது. கட்டுங்கல்லாம் வராண்டாவுல கெடக்குது" என்றார் தலைமையாசிரியர்.

எனக்குக் காது சுட்டது. "அக்கா, நான் சி கோப்புலதான் சரி பண்ணேன்" என்றேன்.

"அடிப்பாவி படிப்ஸ்!"

"அப்ப தப்பு இந்தப் பொண்ணோடதா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"என்னுதுதான் சார். இவ எழுதினது முப்பது வரி. என் மொழி இவள இருநூத்திப் பதினாலாவது வரிக்குப் போன்னு அனுப்பிச்சிருக்குது. இவளும் போயிருக்கிறா."

பிறகு அக்கா என் தினைக் கோப்பைத் திரையில் திறந்து, விசைப்பலகையை என் முன்னே நகர்த்தி, "கெளம்புன எடத்துல சரி பண்ணு" என்றார். இருபத்தொன்றாம் வரியில் 'விடை' என்ற பெயரை அறிமுகம் செய்யாமலே பயன்படுத்தியிருந்தேன். அதைத்தான் மொழிமாற்றி சி-யில் v7 என்று மாற்றியிருந்தது. திருத்தியதும் ஓடியது. முதலில் தலைமையாசிரியரே உட்கார்ந்தார். பதினேழு எட்டுக்கு நூற்று இருபத்தாறு என்று போட்டார். 'தவறு. மறுபடி யோசி' என்றது திரை. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். "கட்டுங்கள எல்லாம் என் ரூம்ல எறக்குங்கப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டே எழுந்தார்.

மலையிறங்கும் பேருந்தில் அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "சி மேல ஏறினா எங்க வேணா போவலாம், வேகமாவும் போவலாம். ஆனா தப்பு நடந்தா அது பேசுறது நம்ம புள்ளைங்களுக்குப் புரியாது. அத புரிய வெக்கிறது என் வேல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு, ஒவ்வொரு சி வரியிலும் அது தினையின் எந்த வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பைச் சேர்த்தார். பெயர்களை முன்கூட்டியே சரிபார்க்கவும் வைத்தார். மொழிமாற்றம் மெதுவாகிவிட்டது என்று நான் குறை சொன்னேன். "கொஞ்சம் லேட்டானா இன்னா? அந்த நேரத்துல ஒரு வாய் தண்ணி குடி."

இப்போது தினையின் மூலக்கோப்பு என்னிடம் இருக்கிறது. பத்தொன்பது பிழைகள் பாக்கி. திருத்திக்கொண்டு வருகிறேன். நேற்று வேண்டுமென்றே என் பழைய விளையாட்டைத் திருத்தாமல் ஓட்டிப் பார்த்தேன். அக்கா எழுதிவைத்த தமிழ் வந்தது:

'வரி 21: விடை யாருன்னு நீ இன்னும் சொல்லவே இல்லியே, படிப்ஸ்.'

அந்தப் பட்டப்பெயரை எனக்காக மட்டுமே வைத்தார் என்று நினைத்திருந்தேன். மலையில் ஆறு கணினிகளிலும் பிழை செய்யும் ஒவ்வொரு பிள்ளையையும் தினை அப்படித்தான் கூப்பிடுகிறது. அந்தப் பத்தொன்பது பிழைகளையும் திருத்துவேன். இந்த வரியில் கை வைக்கமாட்டேன்.