கூடைப் பேர்

அடிமை முறைக்காக வடக்கும் தெற்கும் சண்டை போட்ட காலத்தில், கம்பாஹி ஆற்றில் வடக்குப் படையின் படகுகள் வந்து அடிமைகளை மீட்டு அள்ளிக்கொண்டு போன கதையை எல்லோரும் சொல்லுகிறார்கள். தானும் அடிமையாயிருந்து தப்பின ஹாரியட் டப்மன் வந்தாள், வழி காட்டினாள், ஒரே காலையில் எழுநூறு பேருக்கு மேல் விடுதலை. சொல்லட்டும், நிலைக்க வேண்டிய பேர்தான் அது. ஆனால் அன்றைக்குக் கொதிக்கிற சோற்றுப் பானையை அப்படியே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நெல்வயல் வரப்பில் ஓடிவந்தாளே பைனா, அவளைப் பற்றி எவருக்கும் வாய் திறக்காது. அவளுக்கும்தான் விடுதலை கிடைத்தது. விடுதலையான கையோடு அவள் தேடியது ஒன்றே ஒன்று, தன் பிள்ளை.

அந்தக் கடற்கரை ஜனங்களுக்கு ஆளுக்கு இரண்டு பேர். ஒன்று துரை வைக்கிற பேர். சீசர், பிரின்ஸ், பிரைமஸ் என்று நாய்க்கும் குதிரைக்கும் வைக்கிற மாதிரி வைப்பான், மனசு மாறினால் மாற்றியும் வைப்பான். இன்னொன்று கூடைப் பேர். வயலோரம் நெல் புடைக்கிற கூடையில் பிள்ளையைக் கிடத்திவிட்டு வேலைக்கு இறங்கும்போது, பெற்றவள் குனிந்து காதில் சொல்லும் பேர். அது வீட்டுக்குள் புழங்குவதோடு சரி. பைனாவின் பிள்ளை பிறந்தபோதே உருண்டு திரண்டு இருந்தான். அதனால் யாம்பி என்று வைத்தாள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் ஆத்தா கொண்டுவந்த சொல், கிழங்கு என்று அர்த்தம். துரை அவனுக்கு வைத்த பேர் பிரைமஸ்.

யாம்பி நடக்கப் பழகின வருஷம் அவன் அப்பன் ஹெக்டர் கங்காணியின் அடி தாங்காமல் சதுப்புக் காட்டுக்குள் ஓடினான். நாய்களை விட்டுத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறகு எவனோ ஒரு புண்ணியவான் ஹெக்டரின் கூடைப் பேரை ஆள்பிடிக்கிறவன் காதில் போட்டுவிட்டான். ஆள்பிடிக்கிறவன் நாணல் ஓரத்தில் நின்று அந்தப் பேரை மெதுவாக, பாசமாகக் கூப்பிட்டான். பட்டினி கிடந்த மனிதன் யாரோ சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நம்பி வெளியே வந்தான். அடித்த அடியில் அந்த வாரமே போய்ச் சேர்ந்தான். அந்தப் பேரைப் பைனா அப்புறம் வாயில் எடுக்கவே இல்லை, அதனால் நமக்கும் அது தெரியாது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். பையனுக்கு விவரம் தெரிய ஆரம்பித்ததும் தினம் ஒரு விளையாட்டு நடக்கும். அவன் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இவள் பின்னாலிருந்து கூப்பிடுவாள்.

"யாம்பி."

பையன் சிரித்துக்கொண்டே திரும்புவான்.

"போச்சு. நாய் கவ்விடுச்சு உன்னை."

"நீதானம்மா கூப்ட்ட?"

"நான்தான்னு எப்படிடா தெரியும்? முதுகுல கண்ணு வச்சிருக்கியா?"

"குரல் தெரியாதா எனக்கு?"

"குரலை எவன் வேணா திருடலாம். உங்கப்பனக் கூப்ட்டதும் நல்ல குரல்தான். வெளியில எங்கயாச்சும் அந்தப் பேரு காதுல விழுந்தா நீ மரக்கட்டை. திரும்பணும்னு தோணுச்சுன்னா காதைக் கிள்ளிக்க. வலிக்கிற வலியில கழுத்து திரும்பாது."

"அம்மா அனுப்பிச்சாங்கன்னு சொன்னா?"

"அம்மா அனுப்ப மாட்டா. இந்தப் பேரை எவன் கையிலயும் குடுத்து அனுப்ப மாட்டா. அப்படி ஒருத்தன் வந்து சொன்னான்னா அங்க நிக்காத, ஓடு. புரியுதா?"

புரிகிற வயசா அது? மறுபடி திரும்பினான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டாள். பிள்ளை அழக்கூட இல்லை, திகைத்துப்போய் நின்றான். அதற்கப்புறம் ஒரு தரம்கூட அவன் திரும்பவில்லை. எத்தனை கொஞ்சிக் கூப்பிட்டாலும் காது மடலைக் கிள்ளிக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்பான். பாடம் படிந்துவிட்டது என்று பைனாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

துரையின் மகள் கல்யாணமாகி மேற்கே மேட்டு நிலத்துக்குப் போனாள். கட்டில், பீரோ, வெள்ளிக் கரண்டி எல்லாவற்றோடும் யாம்பியும் சீதனமாகப் போனான். பால் பல் விழுந்துகொண்டிருந்த வயசு. பைனா வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்து சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பையன் சாமான்களுக்கு நடுவில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்ற வெறியில், கங்காணி நிற்கிறான், ஊரே நிற்கிறது என்பதையெல்லாம் மறந்து "யாம்பி, யாம்பி" என்று கத்தினாள்.

அவன் கை காதுக்குப் போனது, தலை திரும்பவில்லை. வண்டி ஓக் மரங்களுக்குள் போய் மறைகிறவரைக்கும் அந்தக் கை காதிலேயே இருந்தது. பாவி, எப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று நடுப்பாதையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்து வருஷம் கழித்துப் படகு வந்த காலையில் பைனா ஏறியபோது கூட ஏறின தாய்மார்கள் எல்லோரும் கரையைப் பார்த்துப் பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் இடுப்பில்தான் இருந்தன. இருந்தாலும் இடம் விட்டு இடம் போகும்போது அப்படிக் கூப்பிடாவிட்டால் பிள்ளையின் ஆவி பழைய இடத்திலேயே தங்கிவிடும் என்பது அவர்கள் வழக்கம். பைனாவும் பானையை இறக்கிவைத்துவிட்டுக் கூப்பிட்டாள். இடுப்பில் பிள்ளை இல்லாமல் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

படகு கொண்டுபோய் இறக்கின பியூஃபோர்ட் ஊரில் சிப்பாய்களின் துணி துவைத்துப் பிழைத்தாள். சண்டை முடிந்து பாதை திறந்ததும் முதல் வேலையாக மேட்டு நிலத்துக்கு நடந்தே போனாள். சீதனம் போன வீடு எரிந்து கரிக்கட்டையாய் நின்றது. அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். பிரைமஸா, அவனை எப்பவோ வேறு துரைக்கு விற்றாயிற்று, அந்தத் துரை வேறு பேர் வைத்திருப்பான், என்ன பேரோ எவருக்குத் தெரியும் என்றார்கள். விடுதலையான பிறகு அவனே தனக்கு ஒரு பேர் வைத்துக்கொண்டும் இருக்கலாம். ஆக அவனைக் கேட்டுத் தேட அவள் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பேர்.

அதை வெளியில் விட அவளுக்கு லேசில் மனசு வரவில்லை. பிறகு யோசித்தாள். நாயும் இல்லை, கங்காணியும் இல்லை, ஆள்பிடிக்கிறவன் பிழைப்பும் போய்விட்டது. இனி யாருக்குப் பயந்து மூடிவைப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில், பாட்டு முடிந்த நேரத்தில் எழுந்து நின்றாள். "என் புள்ள பேரு யாம்பி. எங்க போனாலும் கேளுங்க. அவன் அம்மா பியூஃபோர்ட்ல இருக்கான்னு சொல்லுங்க" என்றாள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூடைப் பேரைச் சபையில் சொல்லுவதென்றால் துணியை அவிழ்ப்பது போல அவர்களுக்கு. ஆனாலும் எல்லோரும் அந்தப் பேரை எடுத்துக்கொண்டு போனார்கள். வண்டிக்காரன், ஓடக்காரன், ரயில் பாதைக்குக் கூலிக்குப் போனவன் என்று போனவன் வந்தவனெல்லாம் ஊர் ஊராகக் கேட்டான்.

இரண்டு வருஷமாயிற்று. கறுப்பு ஆண்கள் முதல் தடவையாக ஓட்டுப் போடுகிற நாள் வந்தது. பியூஃபோர்ட்டே திருவிழாக் கோலமாகக் கிடந்தது. விடியற்காலையிலிருந்து நீண்ட வரிசை. உள்ளேயிருந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொருத்தனும் நெஞ்சை நிமிர்த்தி "இருக்கேன்" என்று போனான். பைனா பாதையோரம் அடுப்பு மூட்டிச் சோறும் இறாலும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். கை கிண்டியதே தவிரக் காது அந்த வரிசையில்தான் இருந்தது. கூப்பிடுகிற பேர்களில் எதுவும் தன் பிள்ளையுடையதாக இருக்கலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

வண்டிக்காரன் ஸ்கிப்பியோ ஓட்டுப் போட்டுவிட்டுத் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தான். சரக்கு ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போயிருந்தவன், முந்தின நாள்தான் திரும்பியிருந்தான்.

"பைனாக்கா, இனிமே என்னை டேய்னு கூப்பிடக் கூடாது. மிஸ்டர் ஸ்கிப்பியோ ரிவர்ஸ். உள்ள வெள்ளைக்காரனே அப்படித்தான் கூப்ட்டான்."

"மிஸ்டருக்குச் சோறு வேணுமா, மரியாதை மட்டும் போதுமா?"

"மரியாதையைக் கொறைச்சுப் போடு, இறாலைக் கூடப் போடு."

இரண்டு வாய் தின்றுவிட்டு, "உன் விஷயமாத்தான் பிரான்ச்வில் ரயிலடியில ஒரு கூத்து" என்று ஆரம்பித்தான். "தண்டவாளக் கட்டை அடுக்குற கூட்டம் ஒன்னு இருந்துச்சு. எப்பவும் போல சத்தமாக் கேட்டேன், இங்க யாம்பின்னு யாராச்சும் உண்டான்னு. அத்தனை பேரும் திரும்பிப் பாத்தானுங்க. ஒருத்தன் மட்டும் திரும்பல."

பைனாவின் கரண்டி நின்றது.

"செவிடு போலன்னு கிட்டப் போய் மறுபடி சொன்னேன். யாம்பின்னா நீயாப்பா, உங்கம்மாதான் என்னை அனுப்பிச்சாங்கன்னேன். அதுக்கு அவன் 'எங்கம்மா ஆள் அனுப்புறவ இல்ல'ன்னான். முகத்தைப் பாக்கணுமே, பேயைக் கண்டவன் கணக்கா. தின்ன சோத்தப் பாதியில போட்டுட்டுப் போனான்க்கா. மேற்கே ரொம்பத் தூரம், அர்க்கன்சாஸுக்குப் பருத்தி வேலைக்கு ஒரு ஏஜென்ட் ஆள் ஏத்திட்டு இருந்தான், அந்த ரயில்லயே ஏறிட்டான். ஏதோ திருட்டுப் பய, ஒளிஞ்சு திரியிறவன். உன் புள்ளயா இருந்தா அம்மான்னதும் ஓடி வந்திருக்க மாட்டானா?"

"அவன் கை எங்க இருந்துச்சு?"

"கையா?"

"நீ அந்தப் பேரைச் சொன்னப்போடா. கை எங்க இருந்துச்சு?"

ஸ்கிப்பியோ யோசித்தான். "காதுல. கெட்டியாக் கிள்ளிட்டு நின்னான். ரத்தம் வராத குறைதான்."

பைனா அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. "வளந்திருக்கானா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் ஸ்கிப்பியோவுக்கு உறைத்தது. தட்டைக் கீழே வைத்தான். "உயரமா இருக்கான்க்கா. கை ரெண்டும் நல்லா அகலமா இருக்கு."

"அவங்கப்பன் கை."

"எனக்கென்னக்கா தெரியும், நான்..."

"உன்னைச் சொல்லலடா. சொன்ன சொல்லு தட்டாத புள்ள அவன். நான் ஓடுன்னு சொல்லியிருந்தேன், ஓடுறான்."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த இரண்டு வருஷமாக ஊர் ஊராக அந்தப் பேர் போனதெல்லாம் அவனைத் தேடி அல்ல, அவனைத் துரத்தி. எங்கே வேலைக்கு நின்றாலும் எவனோ ஒருத்தன் வந்து யாம்பி என்றிருப்பான், அவனும் அங்கிருந்து கிளம்பியிருப்பான். ஆள்பிடிக்கிறவன் ஒழிந்தான் என்று நினைத்தவள் பெற்ற பிள்ளைமேல் தானே நூறு பேரை ஏவிவிட்டிருக்கிறாள்.

"நாளைக்கே வண்டியக் கட்டுறேன்" என்று ஸ்கிப்பியோ எழுந்தான். "ரயில்ல போறவங்ககிட்ட அர்க்கன்சாஸுக்குச் சொல்லி விடுவோம்."

"என்னன்னு சொல்லி விடுவ?"

"உங்கம்மா கூப்பிடுறாங்க, வாடான்னு."

"என்ன பேரைச் சொல்லி அவனைக் கேப்ப?"

"அவனுக்கு வேற பேரு என்னக்கா?"

"தெரியாது."

வரிசையில் அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். எவனோ "இருக்கேன்" என்று போனான். பைனா திரும்பிப் பார்க்கவில்லை.

"இனிமே அந்தப் பேரை யாரும் சொல்லாதீங்க" என்றாள். "எங்கயும் கேக்காதீங்க. நானே போய்க் கூப்ட்டாலும் அவன் ஓடத்தான் செய்வான். போன எடத்துல அவன் நிம்மதியா ஒரு வாய் சோறாச்சும் திங்கட்டும்."

அதைத்தான் அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டிலும் எழுந்து நின்று சொன்னாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பைனா இருந்த வருஷங்களில் அந்த ஊரில் எவரும் அவனைத் தேடவில்லை.