நீலத் துணி கட்டிய வரிசை

காலை ஆறு மணிக்குச் சுன்னாகம் சந்தை வாசலில் நானும் சித்தப்பாவும் ஓட்டோ ஏறினோம். கீரிமலைக்குப் போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. மடியில் எள்ளும் தர்ப்பையும் வைத்த பை. அன்று அண்ணைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. பஸ் அடித்துச் செத்தவர். நான் சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறவன், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுதத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

மல்லாகம் தாண்ட ஓட்டோக்காரர் கதை தொடங்கினார்.

"கீரிமலைக்கு அங்காலை வடிவான றிசோட் ஒண்டிருக்கு தம்பி. முந்திரிகைத் தோட்டத்துக்கை. கனடாக்காரர் எல்லாம் அங்கைதான் நிக்கினம்."

திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம்.

"என்ரை அண்ணை அங்கைதான் வேலை செய்தவர்," என்றேன்.

என் மடியிலிருந்த பையைக் கண்ணாடியில் பார்த்தார். தெல்லிப்பழை, மாவிட்டபுரம். போகப்போகக் கூரையில்லாத சுவர்கள் கூடின.

கீரிமலையில் தலை மழித்தார்கள். பிண்டத்தைக் கடலில் விட்டேன். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. "இன்னும் கொஞ்சம் உள்ளை போய் விடும்," என்றார் ஐயர். இடுப்பளவு தண்ணீரில் போய் விட்டேன்.

அங்கிருந்து நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்கிருத்தியம் முடிந்தால்தான் துடக்கு, அதுதான் சாவுத் தீட்டு, கழியும். ஆனால் அண்ணை அம்மாவிடம் ஒன்று சொல்லியிருந்தார்: தோட்டத்தில் தான் நட்ட முந்திரிகை வரிசையில் முதல் குலை அவவுக்கென்று. அந்தக் குலை இன்றைக்குப் படையலில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"துடக்கோடை மற்றவையின்ரை படலையைத் திறக்கிறதோ?" என்று சித்தப்பா ஏசினார்.

"வெளியிலை நிண்டு கேக்கிறன்."

அண்ணை வேலை செய்த றிசோட் காங்கேசன்துறைப் பக்கமாக இரண்டு கிலோமீற்றர். சண்டைக் காலத்தில் ஆமி பிடித்து, பிறகு விட்ட காணி. திரும்பி வந்த ஏழு குடும்பங்கள் சேர்ந்து நடத்துகின்றன. சுற்றிவர வெறும் சுண்ணாம்புக்கல்லும் நாகதாளியும், நடுவில் மட்டும் பச்சைப் பந்தல். சொந்தக்காரரில் ஒருவரான பவளமக்கா என் மொட்டைத்தலையைக் கண்டு வாசல் படலைக்கு ஓடிவந்தா.

"எல்லாம் முடிஞ்சுதோ?"

"வீட்டிலைதான் மிச்சம் அக்கா."

"அப்ப உள்ளை வராதை ராசா. கொடி கருகிப்போம்."

எனக்குப் பின்னால் வந்த கனடாக் குடும்பம் என்னை விலத்திக்கொண்டு உள்ளே போனது. அதில் ஒரு அக்கா கேட்டா: "இஞ்சை வைன் இல்லையோ?"

"லைசன்ஸ் வரட்டும் பிள்ளை. இப்ப சாறுதான்," என்றா பவளமக்கா.

"பிறகென்னத்துக்கு போர்ட்டிலை போத்தில் கீறி வைச்சிருக்கிறியள்?" சிரித்துக்கொண்டு பந்தலுக்குள் நின்று படம் எடுத்தார்கள்.

நான் வேலியால் கையை நீட்டி அண்ணையின் வரிசையைக் காட்டினேன். அம்மாவின் பழைய நீலச் சேலையைக் கிழித்து, கொடிகளைக் கம்பியோடு கட்டியிருந்தார் அண்ணை. அந்த வரிசையில் ஒரு குலை கேட்டேன்.

"அது காயடா. இன்னும் மூண்டு கிழமை வேணும்."

"அப்ப பிறகு வாறன்."

பவளமக்கா வரிசையைத் திரும்பிப் பார்த்தா. "பிறகு இராது. வாற கிழமை உந்த வரிசையை எடுக்கிறம். அறை கட்ட."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும். சொன்னாப் பிறகும் வந்து துணி கட்டினவன். பைத்தியமோடா எண்டு கேட்டன். சிரிச்சான்."

கத்தியோடு போய் ஒரு குலை வெட்டிவந்து படலைக்கு வெளியே கல்லில் வைத்தா. "கையிலை தரேலாது. கோவிக்காதை." எடுத்துக்கொண்டேன். ஓட்டோவில் சித்தப்பா தள்ளி இருந்து இடம் விட்டார்.

நீங்கள் அந்த றிசோட்டுக்குப் போவதென்றால் போங்கள். அறை ஒரு இரவுக்குப் பதினையாயிரம். கடற்காற்று நல்லது. நீலத் துணி மட்டும் இராது.

மத்தியானம் அண்ணையின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் அந்தப் பச்சைக் குலையையும் வைத்துப் படைத்தோம். பிறகு அம்மா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டா. மெல்ல மென்றா.

"சீனி மாதிரி இருக்கடா," என்றா.

நானும் ஒன்று போட்டேன். பல் கூசியது.

"ஓம் அம்மா," என்றேன்.